மொரீசியஸ் போறீங்களா? நம்ம குமரி மாவட்டத்து ஆளுங்க கேக்குற கேள்விகளும் பதில்களும்

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்துல இருந்து இப்ப நெறைய பேரு மொரீசியஸ் கெளம்புறாங்க. புதுசா கல்யாணம் ஆன பிள்ளைங்க, ரிட்டயர் ஆன சார்மாரு டீச்சர்மாரு, துபாய்ல வேல பாக்குற மகன் டிக்கெட் போட்டு கூப்பிடுற அம்மா அப்பா, இப்படி. எல்லாரும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள கேக்குறதால மொத்தமா இங்க எழுதி வச்சிட்டேன், வேண்டியத மட்டும் படிச்சுக்கோங்க, ஆனா ரெண்டாவது கேள்விய மட்டும் எல்லாரும் படிங்க.

நம்ம வீட்டு வாசல்லயே கடல் கெடக்கு, காச செலவழிச்சு அங்க போயி என்னத்த பாக்க?

நியாயமான கேள்விதான். கடல மட்டும் பாக்கணும்னா போக வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன், சொத்தவிளையும் முட்டமும் லெமூர் பீச்சும் இருக்குற ஆளுக்கு கடல்னா ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. மனுசங்களப் பாக்கப் போங்க. அந்தத் தீவு கிட்டத்தட்ட 1,865 சதுர கிலோமீட்டர், நம்ம மாவட்டத்த விட கொஞ்சம்தான் பெருசு, ஜனம் நம்மள விடக் கம்மி, சுமார் பன்னிரண்டரை லட்சம் பேருதான். இந்த இத்துனூண்டு எடத்துல பீகார் பக்கத்துல இருந்து போனவங்க, தமிழங்க, தெலுங்கங்க, மராட்டிங்க, குஜராத்தி முஸ்லிம்க, சீனாக்காரங்க, ஆப்பிரிக்கா மடகாஸ்கர்ல இருந்து அடிமையா கொண்டு வரப்பட்டவங்களோட பிள்ளைங்க, பிரெஞ்சுக்காரங்க எல்லாரும் ஒரே தெருவுல குடியிருக்காங்க, ஒருத்தர் பண்டிகைக்கு இன்னொருத்தர் வீட்டுக்கு பலகாரம் போகுது. கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் பக்கத்துப் பக்கத்துல பாத்து வளந்த நமக்கு அது உடனே பிடிபடும்.

கடல் பத்தியும் ஒண்ணு சொல்லணும். அங்க தீவ சுத்தி பெரும்பகுதி பவளப்பாறை வரம்பு இருக்கு, அதனால கரைப்பக்கம் அலையே இல்லாம குளம் போல கெடக்கும். தெக்க சூயாக் ஊர்ல கிரி கிரின்னு ஒரு எடத்துல அந்த வரம்பு விட்டுப்போயிருக்கு, அங்க அலை பாறைல வந்து அடிக்கிற அடி அப்படியே முட்டந்தான். குளிக்க எறங்காதீங்க.

அங்க நெறைய தமிழங்க இருக்காங்களாமே, தமிழ்லயே பேசி சமாளிச்சிரலாமா?

முடியாது, தயவு செஞ்சு அத எதிர்பாத்துப் போகாதீங்க. வீரசாமி, மூர்த்தி, செட்டியார்னு பேரு இருக்கும், நெத்தில திருநீறு இருக்கும், ஆனா வீட்டுல பேசுறது கிரியோல், பிரெஞ்சுல இருந்து பொறந்த உள்ளூர் பேச்சு. எட்டு பத்து தலைமுறை தாண்டின ஆளுங்களும் அதுல இருக்காங்க. 1735ல லபூர்தொன்னேன்னு ஒரு பிரெஞ்சு கவர்னர் வந்து போர்ட் லூயிஸ்ங்கிற தலைநகரத்தயும் துறைமுகத்தயும் கட்டும்போது பாண்டிச்சேரி பக்கத்துல இருந்து கொத்தனாரு, தச்சரு, தொழில் தெரிஞ்ச ஆளுகள கூட்டிட்டுப் போனாங்க. அதாவது கரும்புத் தோட்டக் கூலியா மத்தவங்க போறதுக்கு நூறு வருசம் முன்னாடியே நம்மாளுங்க கை அந்த ஊரு செவுத்துல இருக்கு. பொறவு ஆங்கிலேயர் காலத்துல 1835ல அடிமை முறைய ஒழிக்கப் போறாங்கன்னதும் தோட்டத்துக்கு வேற ஆள் தேட வேண்டியதாச்சு, 1834 நவம்பர் 2ந்தேதி அட்லஸ்னு ஒரு கப்பல் கல்கத்தால இருந்து ஒப்பந்தக் கூலிகள எறக்குனதுல ஆரம்பிச்சு, அடுத்த எம்பது தொண்ணூறு வருசத்துல நாலரை லட்சம் பேருக்கு மேல போனாங்க, அதுல மெட்ராஸ் துறைமுகம் வழியா போன தமிழங்களும் உண்டு.

அப்படிப்பட்டவங்ககிட்ட போயி "உனக்கு தமிழ் தெரியாதா, நீ என்ன தமிழன்"னு கேட்டா அவங்க மனசு எவ்வளவு நோகும்? நம்ம டூரிஸ்டுங்க சிலபேரு இப்படிக் கேக்குறத பாத்திருக்கேன், எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. பேச்சு போனாலும் அவங்க விடாம பிடிச்சு வச்சிருக்குறத பாருங்க. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க தமிழ் பாடம் எடுத்துப் படிக்கலாம், தைப்பூசக் காவடிக்கு நாடு முழுக்க லீவு, ரூபா நோட்டுல தமிழ் எழுத்து இருக்கு. 1998ல புது நோட்டு அடிக்கும்போது தமிழ ரெண்டாவது எடத்துல இருந்து மூணாவதா தள்ளிட்டாங்க, அங்குள்ள தமிழங்க விடல, பெரிய போராட்டமாகி கடைசில அந்த நோட்டையே திரும்ப வாங்கிட்டு பழைய வரிசைலயே மறுபடி அடிச்சாங்க. 100 ரூபா நோட்டுல இருக்குற முகம் ரங்கநாதன் சீனிவாசன், வக்கீலாவும் அரசியல் தலைவராவும் இருந்தவர். அந்த நோட்டு கைக்கு வந்தா ஒரு நிமிசம் நின்னு பாருங்க.

இங்கிலீஷ் எல்லா எடத்துலயும் ஓரளவு ஓடும், பிரெஞ்சு தெரிஞ்சா ரொம்ப வசதி. கிரியோல்ல நாலு வார்த்த கத்துக்கிட்டுப் போங்க, "போன்ஸூர்"னா வணக்கம், "கி மான்யேர்"னா எப்படி இருக்கீங்க, "மெர்சி"ன்னா நன்றி, "கொம்யே"ன்னா எவ்வளவு. கடைக்குள்ள ஏறுனதும் போன்ஸூர் சொல்லாம நேரா வெல கேட்டா அங்க மரியாதக் கொறச்சல்.

விசா?

இந்திய பாஸ்போர்ட்டுக்கு சுற்றுலாவுக்கு முன்கூட்டி விசா எடுக்க வேண்டாம், அங்க எறங்குனதும் காசில்லாம முத்திரை குத்தித் தருவாங்க. திரும்பி வர டிக்கெட், தங்குற எடத்து புக்கிங், கைச்செலவுக்கு பணம் இருக்குதுன்னு காட்ட ஏதாவது, இது மூணும் பிரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க, போன் சார்ஜ் போயி கவுன்டர்ல நிக்குற நெலம வேண்டாம். போறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல பயணப் படிவம் ஒண்ணு நெரப்பணும், அதுக்கு காசு கெடையாது, காசு கேக்குற வெப்சைட் வந்தா அது அரசாங்க சைட் இல்ல.

திருவனந்தபுரத்துல இருந்து நேரா ஃப்ளைட் உண்டா?

இல்ல. ரெண்டு வழி பழக்கத்துல இருக்கு. ஒண்ணு, மும்பை போயி அங்கேருந்து நேர் ஃப்ளைட், கடல் மேல ஆறு மணி நேரம். இன்னொண்ணு, துபாய் போயி மாறுறது, சுத்துதான், ஆனா கல்ஃப்ல சொந்தக்காரங்க இருந்தா ரெண்டு நாள் எறங்கிட்டு போலாம், நம்ம மாவட்டத்துல பாதி குடும்பத்துக்கு அங்க ஆள் உண்டே. ரெண்டு டிக்கெட்டையும் தனித்தனியா போடாம ஒரே புக்கிங்கா போடுங்க, மொதல் ஃப்ளைட் லேட் ஆனா அடுத்தத மாத்திக் குடுக்க வேண்டியது அவங்க பொறுப்பாயிரும். மணி நம்மள விட ஒன்றரை மணி நேரம் பின்னால. ஏர்போர்ட் இருக்குறது தென்கிழக்கு மூலைல, வடக்க கிராண்ட் பே பக்கம் ரூம் போட்டா கார்ல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், நடுராத்திரி எறங்குறவங்க வண்டிய முன்னாடியே சொல்லி வச்சிருங்க.

எந்த மாசம் போனா நல்லது?

பூமத்திய ரேகைக்கு தெக்க இருக்குறதால பருவம் தலகீழ். நமக்கு ஜூன் ஜூலைல சாரல் அடிக்கும்போது அங்க குளிர்காலம், குளிர்னா பேச்சிப்பாறைல காலைல இருக்குமே அவ்வளவுதான், மழை கம்மி. மே கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும் கெழக்குக் கரைல காத்து பலமா அடிக்கும், அந்த நேரம் மேக்கயோ வடக்கயோ தங்குங்க. அக்டோபர் நவம்பர் எனக்குப் பிடிச்சது, வெயிலும் அளவா இருக்கும், கடல் தண்ணியும் சூடாகத் தொடங்கிரும். நடு மேட்டுல இருக்குற கியூர்பிப் ஊர்ல எப்ப வேணாலும் மழை வரும், ஒரு ஸ்வெட்டர் பையில கெடக்கட்டும்.

ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் புயல் அதிகமா வாற நேரம். ஓகி புயல நேர்ல பாத்த நமக்கு இத வெளக்க வேண்டியதில்ல. அங்க புயல் எச்சரிக்கைய ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு படிப்படியா ஏத்துவாங்க, மூணு வந்துட்டா கடை, பஸ் எல்லாம் நின்னுரும், யாரும் வெளிய போகக் கூடாது. ஓட்டல்காரங்க சொல்றபடி உள்ள இருங்க, அலைய வீடியோ எடுக்கப் போகாதீங்க. 2024 ஜனவரில பெலால் புயல் வந்தப்ப போர்ட் லூயிஸ் தெருவுல கார்க அடிச்சிட்டுப் போச்சு.

சாப்பாடு நம்ம நாக்குக்கு ஒத்துக்குமா?

ஒத்துக்குமாவா! தீவுல நான் ரொம்ப மனசோட பேசுற விசயமே இதுதான். ஓட்டல் பஃபேல மூணு நேரமும் சாப்பிட்டுட்டு "ஒண்ணும் சரியில்ல"ன்னு திரும்பி வாறவங்கள நெனச்சா எனக்கு ஆதங்கமா இருக்கும்.

மொதல்ல தால் பூரி. பேரக் கேட்டு நம்ம எண்ணெய்ல பொரிக்கிற பூரின்னு நெனைக்காதீங்க. கடலப்பருப்பு மாதிரி மஞ்சப் பட்டாணிப் பருப்ப வேகவச்சு பொடிச்சு, மாவுக்குள்ள வச்சு மெல்லிசா தேச்சு கல்லுல சுடுறது, நம்ம கல்யாண வீட்டுப் போளில இனிப்ப எடுத்துட்டா எப்படி இருக்கும், அப்படி. ரெண்டு ரெண்டாதான் குடுப்பாங்க, உள்ள பெரிய பயறு கறி, ருகாய்னு ஒரு தக்காளிக் கூட்டு, மல்லிச் சட்னி, மொளகா வச்சு பேப்பர்ல சுருட்டி கைல தந்துருவாங்க, தெருவோரம் நின்னு திங்கணும். ரோஸ் ஹில்ல தேவா கடை ரொம்பப் பேரு போனது, ஆனா போர்ட் லூயிஸ் மார்க்கெட்டு வாசல்ல சைக்கிள்ல கண்ணாடிப் பெட்டி வச்சு விக்குறவங்ககிட்டயும் நல்லாவே இருக்கும், கூட்டம் எங்க நிக்குதோ அங்க போங்க. இன்னும் கேளுங்க, விசேச வீட்டுல இந்த தால் பூரிய பாயசத்தோட சாப்பிடுற வழக்கம் அங்க உண்டு. போளியப் பிச்சு பால்பாயசத்துல போட்டுப் பெசைஞ்சு சாப்பிடுற நம்ம நாஞ்சில் நாட்டுக்காரங்க இத ருசிச்சா அப்படியே பந்தில உக்காந்த மாதிரி இருக்கும்.

காத்தோ பிமான்னு குண்டு குண்டா ஒண்ணு விப்பாங்க, பருப்புவடைதான், அத பன்னுக்குள்ள வெண்ணெயோட வச்சு காலைல சாப்பிடுறாங்க. தமிழ் கல்யாண வீட்டுல வாழையெல போட்டு ஏழு கறின்னு ஒரு விருந்து, வாழைக்கா, பலாக்கா, பூசணிக்கா, கீரன்னு வரிசையா வச்சு ரசமும் ஊத்துவாங்க. இது எப்பவும் கடைல கெடைக்காது, யாராவது கூப்பிட்டா வேற வேலய விட்டுட்டுப் போங்க. முருங்கைக்கீரை மார்க்கெட்ல கட்டுக்கட்டா இருக்கும், "ப்ரேட் முரும்"னு கேக்கணும்.

மீன்? கப்பித்தேன்னு மெனுல இருந்தா அது நம்ம விளமீன் வகை. தேங்கா அரைச்ச கறிய அதிகமா எதிர்பாக்காதீங்க, அங்க கறி வேற பக்குவம். விந்தாய்னு ஒண்ணு உண்டு, பொரிச்ச மீன கடுகும் மஞ்சளும் வெங்காயமும் வினிகரும் போட்டு ஊற வைக்கிறது, மறுநாள்தான் ருசி ஏறும், நம்ம வீட்டுப் பழைய மீன்கறி ரகசியம் தெரிஞ்சவங்களுக்கு புரியும். ஆக்டோபஸ் கறி ஒருதரம் சாப்பிட்டுப் பாருங்க. முஸ்லிம் கடைல பிரியாணி, சீனாத் தெருவுல பூலெட்னு ஆவில வெந்த உருண்டைய சூப்போட, வெயிலுக்கு அலூடா, அது சப்ஜா வெதையும் கடல்பாசியும் போட்ட பால். அன்னாசிப்பழத்த செதுக்கி மொளகா உப்பு புளித்தண்ணில முக்கி பீச்சுல விப்பாங்க, பிள்ளைங்க விடாது.

மரச்சீனி (மரவள்ளிக்கெழங்கு) பிரியருங்களுக்குன்னு தனியா ஒண்ணு: மஹேபூர்ல ரோல்ட்டுன்னு ஒரு குடும்பம் 1870ல இருந்து மரச்சீனி மாவுல பிஸ்கட் சுட்டுக்கிட்டு இருக்கு, போயி பாக்கலாம், டீயோட சாப்பிடக் குடுப்பாங்க. மரச்சீனி பொழங்குற ஊர்ல இருந்து போன நாம அத பாக்காம வந்தா குறைதான்.

நாங்க சைவம். மாட்டுக்கறி, பன்னிக்கறி கலந்துருமோன்னு பயமா இருக்கு.

பயப்பட வேண்டாம், சைவக்காரங்க அங்கயே நெறைய பேரு இருக்காங்க. தால் பூரி, ஃபராட்டா, காத்தோ பிமா மூணும் சைவந்தான். நூடுல்ஸ் கடைல மட்டும் "சான் வியாந்த்"னு சொல்லுங்க, கறி இல்லாமன்னு அர்த்தம், முட்டையும் வேண்டாம்னா தனியா சொல்லணும். காரம் வேண்டாத குழந்தைக்கு "சான் பிமா". காவடி விரத நாள்ல தமிழ் குடும்பங்க பத்து நாளும் சைவம் இருப்பாங்க, அந்த சமயம் சைவம் தேடவே வேண்டாம்.

கோயில், சர்ச் எதெல்லாம் பாக்கணும்?

போர்ட் லூயிஸ் ஓரத்துல செயின்ட் குருவான்னு ஒரு பகுதி. அங்க சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில், உள்ளூர்ல கைலாசன் கோயில்னா எல்லாருக்கும் தெரியும், அதே பகுதிலதான் பாதர் லவால் கல்லறையும். 1864 செப்டம்பர் 9ல எறந்த பிரெஞ்சு சாமியார், விடுதலையான அடிமைகளோடயே வாழ்ந்தவர். செப்டம்பர் 8 ராத்திரி தீவு முழுக்க இருந்து ஜனங்க நடந்தே அங்க போறாங்க, இந்து, முஸ்லிம், சீனாக்காரங்க எல்லாரும். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு எந்த வித்தியாசமும் இல்லாம போற நமக்கு இது வெளங்கும்.

குவாத்ர் போர்ன் ஊர் பக்கம் கோர் த கார்த் மலைச்சரிவுல முருகன் கோயில், படி ஏறி மேல போனா ஊரே தெரியும். காவடி நாள்ல அலகு குத்தி, பால்குடம் எடுத்து, ஆணி செருப்புல நடந்து வாறவங்கள பாக்கலாம். தமிழங்க மட்டும் இல்ல, வேண்டுதல் உள்ள மத்தவங்களும் எடுக்குறாங்க. போட்டோ எடுக்குற முன்னாடி கேளுங்க, முகத்துக்கு நேரா போன நீட்டாதீங்க. கிராண்ட் பாசின் ஏரி, 33 மீட்டர் சிவன் சிலை, சிவராத்திரிக்கு லட்சக்கணக்குல பாதயாத்திரை, அதுவும் பாக்க வேண்டியது, நம்ம சிவாலய ஓட்டக்காரங்க அந்த சமயம் பாத்து போகலாம்.

ஆனா ஒரே ஒரு எடத்துக்குத்தான் நேரம் இருக்குன்னா ஆப்ரவாசி காட் போங்க. போர்ட் லூயிஸ் துறைமுகத்துல கூலிங்க கப்பல்ல இருந்து எறங்கி ஏறுன பதினாறு படிக்கட்டு அங்க இன்னும் இருக்கு, 2006ல யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாச்சு. தப்பிச்சு ஓடுன அடிமைங்க ஒளிஞ்சிருந்த ல மோர்ன் மலை 2008ல. பீச்சுல நின்னு அந்த மலைய பேக்ரவுண்டா வச்சு செல்ஃபி எடுக்குற எல்லாருக்கும் இந்தக் கத தெரிஞ்சிருக்கணும்னு நான் நெனைக்கிறேன். சாயங்காலம் ஓட்டல்ல ஆடுற செகா ஆட்டமும் அந்த அடிமைங்க பெத்ததுதான், ஆட்டுத்தோல் ரவான் பறைய தீல காச்சி அடிக்கிறது, 2014ல அதையும் யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. கடற்கரைல ஞாயித்துக்கிழமை குடும்பங்க சட்டி நெறைய பிரியாணியோட வந்து உக்காந்து தாங்களா பாடி ஆடுறது ஓட்டல் ஷோவ விட நூறு மடங்கு நல்லா இருக்கும்.

பாம்பிளமூஸ் தோட்டத்துல தாம்பாளம் கணக்கா பெரிய அல்லியெலக பாக்கலாம். கிராம்பு, ஜாதிக்கா செடிகள 1770 வாக்குல பியேர் புவாவ்ருங்கிறவர் அந்தத் தீவுக்கு கொண்டு வந்து வளத்தார், கன்னியாகுமரி கிராம்புக்கு புவிசார் குறியீடு வாங்கின நம்ம ஊரு விவசாயிங்க பாக்க வேண்டிய எடம்.

சுத்திப் பாக்க டாக்சியா, பஸ்ஸா, வாடக காரா?

பஸ் மலிவு, ஊரு ஊரா போகும், ஆனா சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு மேல நம்பாதீங்க. போர்ட் லூயிஸ்ல இருந்து கியூர்பிப் வரைக்கும் மெட்ரோ ரயில் ஓடுது. டாக்சில ஏறுறதுக்கு முன்னாடியே வெல பேசி முடிச்சிரணும், முழு நாளுக்குப் பேசுனா லாபம். நாலு பேரு இருந்தா வாடக கார்தான் சரி, நம்மள மாதிரி எடப்பக்கம்தான் ஓட்டுறாங்க, இன்டர்நேஷனல் பெர்மிட் ஆர்டிஓ ஆபீஸ்ல எடுத்துட்டுப் போங்க. கரும்புக்காட்டு நடுவுல ரோடு குறுகல், ராத்திரி மெதுவா போங்க.

பணம், சிம், ப்ளக்?

அவங்க ஒரு ரூபா சுமாரா நம்ம ரெண்டு ரூபான்னு கணக்கு வச்சுக்கோங்க. 2024 பிப்ரவரில இருந்து யுபிஐ அங்க வந்திருச்சு, ஆனா தெருக்கடைல நோட்டுதான் வேணும். சிம் ஏர்போர்ட்லயே வாங்கலாம். ப்ளக் பாயின்ட் பிரிட்டிஷ் மூணு சதுர முள்ளும் பிரெஞ்சு ரெண்டு முள்ளும் கலந்து இருக்கும், நம்ம மூணு குண்டு முள்ளு ஏறாது, வடசேரிலயே ஒரு அடாப்டர் வாங்கிருங்க.

பையில என்னெல்லாம் கொண்டு போகக் கூடாது?

கருவேப்பிலை, ஏத்தம்பழம், செடி, வெத, கருவாடு, எறச்சி எதுவும் வேண்டாம், செடிக்கும் எறச்சிக்கும் பெர்மிட் இல்லாம விடமாட்டாங்க. ஏத்தங்கா சிப்ஸ் கம்பெனி பாக்கெட்ல ஒட்டி இருந்தா கொண்டு போங்க, கேட்டா மறைக்காம காட்டுங்க. ஈ-சிகரெட்டுக்கு தடை. வலி மாத்தர, தூக்க மாத்தர சாப்பிடுறவங்க டாக்டர் சீட்டோட, தேவையான அளவு மட்டும். சில மாத்தரைக்கு முன்கூட்டியே அனுமதி வேணும், டிரமடால் அதுல ஒண்ணு, நம்ம ஊர்ல மூட்டுவலிக்கு அத எழுதிக் குடுக்குறதுண்டு, பெரியவங்க மாத்தர அட்டைய பிரிச்சுப் பாத்துருங்க. பிளாஸ்டிக் கேரிபேக்குக்கும் தடை, துணிப்பை எடுங்க.

நாங்க கடக்கரை ஆளுங்க, நீச்சல் தெரியும், தைரியமா எறங்கலாம்ல?

நீச்சல் தெரிஞ்சவங்களுக்குத்தான் நான் அழுத்திச் சொல்றேன். உள்ள அமைதியா இருக்கும், ஆனா பவள வரம்புல தண்ணி வெளிய ஓடுற வாய் இருக்கும், அங்க இழுத்துரும், படகுக்காரங்ககிட்ட கேட்டுட்டு எறங்குங்க. அடில கடல்முள்ளியும் கல்லு மாதிரியே கெடக்குற விஷமீனும் உண்டு, ரப்பர் செருப்பு போடாம கால் வைக்காதீங்க. பவளத்த ஒடிக்காதீங்க, சிப்பி பொறுக்கி பையில போடாதீங்க, ஏர்போர்ட்ல பிரச்சன ஆகும். புளூ பேல கண்ணாடி அடிப் படகுல போனா நீச்சல் தெரியாத அம்மாமாருக்கும் பவளத்த காட்டலாம். பீச்செல்லாம் பொதுச் சொத்து, ஓட்டல் முன்னாடி மணல்ல நடக்க யாரும் தடுக்க முடியாது. நீச்சல் உடுப்பு பீச்சோட சரி, கடைத்தெருவுல வேண்டாம்.

கைல என்ன வாங்கிட்டு வரலாம்?

போய் ஷெரி தோட்டத்து வனிலா டீ, பழுப்புச் சீனில பத்துப் பன்னிரண்டு வகை, மரச்சீனி பிஸ்கட், வனிலா காய். டோடோ பறவ பொம்ம பிள்ளைங்களுக்கு. துணி வாங்க குவாத்ர் போர்ன் சந்தைக்கு வியாழனோ ஞாயிறோ போங்க, மஹேபூர் சந்தை திங்கள்கெழம. ஞாயிறு மத்தியானத்துக்கு மேல ஊர்ல பாதி கடை பூட்டிரும், கியூர்பிப்ல வியாழன் மத்தியானமும்.

அவசரம்னா யாரக் கூப்பிடணும்?

போலீஸ் 999 இல்லன்னா 112, ஆம்புலன்ஸ் 114, தீயணைப்பு 115. வயசானவங்கள கூட்டிட்டுப் போனா டிராவல் இன்சூரன்ஸ் எடுக்காம ஏறாதீங்க, பாலிசி நம்பர பேப்பர்ல எழுதி அவங்க பர்ஸ்லயும் ஒண்ணு வச்சிருங்க.